பரதேசியின் பின்னால் நடந்த மகாவித்துவான்

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியிருக்கும் வீதிகளில், இன்றைக்குச் சுமார் 190 வருடங்களுக்கு முன்பு, பரதேசி ஒருவர் பிச்சை எடுத்துத் திரிந்துகொண்டிருந்தார். வீடு வாசல் கிடையாது. யாராவது சோறு போட்டால் உண்பார். கிடைத்த திண்ணையில் படுப்பார். புகைக்கும் பழக்கமும் உண்டு. அதுவும் சாதாரணப் புகையிலை இல்லை, கஞ்சா! ஊரில் பெரிய மனிதர்கள் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்டவரின் பின்னாலேயே ஒரு வாலிபர் போய்க்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, அடக்கமான முகம், பார்த்தாலே நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று தெரியும். பரதேசி தெருத்தெருவாகப் போனால் இவரும் போவார். அவர் எங்கேயாவது உட்கார்ந்தால் இவரும் பக்கத்தில் பணிவாக நிற்பார். அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பார். ஆமாம், அந்தக் கஞ்சாவையும்தான்!

அந்த வாலிபருக்கு என்ன வந்தது? கெட்ட சகவாசமா?

இல்லை. அந்தப் பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும். உவமை, உருவகம் என்று செய்யுளுக்கு அழகு சேர்க்கும் 35 பொருளணிகளையும் விரித்துச் சொல்லும் இலக்கண நூல் அது. இன்றைக்குக் கடையில் போய்க் கேட்டால் உரையோடு அச்சுப் புத்தகம் கிடைத்துவிடும். அன்று ஏடு கிடைப்பதே அரிது. ஏடு கிடைத்தாலும் பொருள் சொல்ல ஆள் வேண்டுமே! திருச்சியில் அதை நன்றாகப் பாடம் சொல்லக்கூடியவராக இருந்தவர் இந்தப் பரதேசி. அவரோ லேசில் யாருக்கும் சொல்லித்தர மாட்டார். மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டால்தான் உண்டு. அந்த நேரத்துக்காகத்தான் வாலிபர் வெயிலில் அலைந்தார். ஊர் என்ன சொல்லும் என்று அவர் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முழு நூலையும் பாடம் கேட்டு முடித்துவிட்டுத்தான் விட்டார்.

அந்த வாலிபர்தான் பிற்காலத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் என்று பட்டம் பெற்ற மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் ஆசிரியர்.

அங்கயற்கண்ணியின் பெயர்

பிள்ளையின் முன்னோர் மதுரைக்காரர்கள். மீனாட்சியம்மன் கோயிலில் மீன முத்திரை இடும் உரிமை பெற்ற குடும்பம். தந்தை சிதம்பரம் பிள்ளை சில காரணங்களால் மதுரையை விட்டுத் திருச்சிப் பக்கம் வந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். ஊர் மாறினாலும் அம்மன் மனத்தை விட்டுப் போவாளா? 1815-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி அதவத்தூரில் பிறந்த மகனுக்கு மீனாட்சிசுந்தரம் என்று மதுரை நாதனின் பெயரையே வைத்தார். தாயார் பெயர் அன்னத்தாச்சி.

முதல் குரு தந்தைதான். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையில் எழுத்தாணி, பிறகு நிகண்டு, சதகம், அந்தாதி, நன்னூல் என்று அக்கால வழக்கப்படி பாடம் நடந்தது. எல்லாமே மனப்பாடம். சிறு வயதிலேயே செய்யுள் கட்டும் பழக்கமும் வந்துவிட்டது.

ஆனால், பையனுக்கு 15 வயதானபோது தந்தை காலமாகிவிட்டார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சொத்து கிடையாது. குடும்பத்துக்கு வழி தேட வேண்டும். கல்லூரி என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. இந்த நிலையில் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எங்கேயாவது கணக்கு எழுதப் போயிருக்கும். இவர் திருச்சிக்குக் குடிபெயர்ந்து, தமிழ் தெரிந்தவர் யார் யார் என்று தேட ஆரம்பித்தார்!

ஒருவரிடம் ஒரு நூல் இருக்கும். இன்னொருவருக்கு வேறொன்று தெரியும். முழுவதும் கற்றவர் என்று ஒருவரும் கிடையாது. தேனீ மாதிரி அலைந்து சேர்க்க வேண்டியதுதான். உறையூர் முத்துவீர வாத்தியார், திருவம்பலத்தின்னமுதம் பிள்ளை, மருதநாயகம் பிள்ளை, கீழ்வேளூர் சுப்பிரமணிய தேசிகர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஏடு இரவல் கிடைத்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தம் கையாலேயே பிரதி எழுதிக்கொள்வார். அப்படி எழுதுவதே ஒரு பாடம். எழுத்தாணி கீறும் வேகத்துக்குக் கண் ஒவ்வோர் எழுத்தாக நகரும்போது, செய்யுள் நெஞ்சில் இறங்காமல் என்ன செய்யும்?

புலவர் என்று நாலு பேர் மதிக்கத் தொடங்கிய பிறகும் இந்த அலைச்சல் நிற்கவில்லை. சென்னைக்குப் போய்க் காஞ்சிபுரம் சபாபதி முதலியார் போன்றவர்களிடம் பாடம் கேட்டார். திருவாவடுதுறையில் அம்பலவாண முனிவர் என்றொரு பெரியவர் இருந்தார். இலக்கணத்தில் கரை கண்டவர். ஆனால், கேட்டவுடன் சொல்லிவிடுகிற சுபாவம் இல்லை. பிள்ளையைப் பல நாள் காக்க வைத்தார். இவரும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

தம்மிடம் படிக்க வந்த எந்த மாணவனையும் பிள்ளையவர்கள் பிற்காலத்தில் வீணாகக் காக்க வைத்ததில்லை என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

திருமூலர் அமர்ந்த ஊர்

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் இருக்கிறது திருவாவடுதுறை. அம்பிகை பசு வடிவில் வந்து வழிபட்டு, சுய உருவம் பெற்ற தலம். அதனால்தான் சுவாமிக்கு கோமுக்தீஸ்வரர் என்ற திருநாமம். மாசிலாமணீஸ்வரர் என்றும் சொல்வார்கள். தந்தை செய்யவிருந்த வேள்விக்காகத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி 1000 பொன் அடங்கிய கிழியைப் பெற்றதும் இங்கேதான். திருமூலர் இத்தலத்து அரசமரத்தடியில் யோகத்தில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக 3000 பாடல்கள் அருளினார் என்பது ஐதிகம்.

இந்த ஊர் மடத்தில்தான் பிள்ளையின் கல்விக்கு உரிய இடம் கிடைத்தது. ஆதீனகர்த்தராக இருந்த அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் பட்டம் அளித்தார். அடுத்து வந்த சுப்பிரமணிய தேசிகர் இன்னும் ஒரு படி மேலே போய், அவரைத் தம் உயிர் போல் போற்றினார். 1860-ம் ஆண்டு முதல் பிள்ளை மாயூரத்தில் குடியிருந்தார். மடத்துக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்து பாடம் சொல்வார். கோயில்களுக்குப் புராணம் பாடுவார்.

புராணம் பாடுவது என்றால் என்ன என்று நம் வாசகியரில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நாம் இன்று ஒரு கோயிலுக்குப் போனால், தலவரலாறு என்று சின்னப் புத்தகம் வாங்கிக்கொண்டு வருகிறோம் அல்லவா? அதில் இருக்கும் கதைகளுக்குப் பல ஊர்களில் மூலம், இப்படி ஒரு புலவர் பாடிவைத்த தலபுராணம்தான். ஊர்ப் பெரியவர்களோ தம்பிரான்களோ வந்து, எங்கள் சுவாமிக்கு ஒரு புராணம் வேண்டும் என்று கேட்பார்கள். வடமொழியில் அந்தத் தலத்துக்கு மகாத்மியம் இருந்தால், வடமொழி அறிந்தவர் ஒருவர் அதைப் படித்துப் பொருள் சொல்வார். பிள்ளை கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு மாணவர் ஏட்டையும் எழுத்தாணியையும் எடுத்துக்கொண்டு உட்கார, இவர் செய்யுட்களைச் சொல்லத் தொடங்குவார். யோசித்து, அடித்து, திருத்தி எழுதுகிற வேலையே கிடையாது. எழுதுகிறவரின் கைதான் ஓய்ந்துபோகும்!

உறையூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயூரம், ஆவுடையார்கோயில், கண்டதேவி, பட்டீஸ்வரம் என்று 20-க்கும் மேற்பட்ட தலங்களுக்கு இவர் புராணம் பாடியிருக்கிறார். திருவானைக்கா அகிலாண்டநாயகியையும், கும்பகோணம் மங்களாம்பிகையையும் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். பெரிய புராணம் தந்த சேக்கிழாரையே குழந்தையாக்கித் தாலாட்டிய பெருமையும் இவருக்கு உண்டு. இவர் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்கள் மட்டுமே 10.

பாடி முடித்தால் அரங்கேற்றம். கோயில் மண்டபத்தில் தினமும் சில பாடல்களைப் படித்துப் பொருள் சொல்வார்கள். பெரிய புராணமாக இருந்தால் மாதக்கணக்கில் நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்து, தங்கள் ஊர்த் தீர்த்தத்துக்கு ஏன் அந்தப் பெயர், தலவிருட்சத்தின் கதை என்ன, எந்த முனிவர் வந்து பூஜித்தார் என்று காதாலேயே கற்றுக்கொண்டு போவார்கள். இதற்குத்தான் நம் முன்னோர் கேள்வி என்று பெயர் வைத்தார்கள். கல்விக்கு அடுத்தபடியாகக் கேள்வியையும் ஒரு செல்வமாகவே எண்ணினார்கள்.

திண்ணையில் ஒரு பாட்டு

மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர் என்று சொன்னாலே போதும், தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். அந்த நூலுக்குப் பிள்ளையிடம் ஒரு சிறப்புப்பாயிரம் வாங்க வேண்டும் என்று பாரதியாருக்கு ஆசை. மகாவித்துவான் நாலு வரி எழுதிக் கொடுத்தால் நூலுக்கு அது பெரிய மதிப்பு.

பிள்ளைக்கோ மனம் வரவில்லை. கீர்த்தனைகளில் பேச்சுத் தமிழ் கலந்து கிடந்தது. இலக்கணம் சில இடங்களில் சறுக்கியது. அது மட்டுமில்லை. நந்தனாரை வாட்டி வதைக்கும் பண்ணைக்கார வேதியர் ஒருவர் கீர்த்தனையில் வருகிறாரே, அவர் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் கிடையாது. சேக்கிழார் வாக்கையே வேதமாக நினைப்பவருக்கு இது உறுத்தாமல் இருக்குமா? முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. ஏதேதோ காரணம் சொல்லி நாளைக் கடத்தினார். பாரதியாரும் சளைக்காமல் வந்து வந்து போனார்.

ஒரு நாள் மத்தியானம். பிள்ளை சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். பாரதியார் வந்தார். எழுப்ப வேண்டாம் என்று வெளித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். சும்மா இருக்கும் நேரத்தில் பக்தர்கள் என்ன செய்வார்கள்? தமக்குள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். தில்லையில் பொற்சபை நாதனை ஒரு தரமாவது கண்ணாரக் காண மாட்டோமா என்று நந்தன் உருகுகிற பாட்டு. யாரையும் கவர்வதற்காகப் பாடவில்லை. எதிரே கேட்பவர் யாரும் இல்லை.

உள்ளே படுத்திருந்தவர் கேட்டார்.

இலக்கணம் எங்கே போனது, வழு எங்கே போனது! நந்தனின் தாபம் அப்படியே நெஞ்சைப் பிழிந்தது. பிள்ளை உருகிப்போனார். எழுந்து வெளியே வந்தார். இப்படிப்பட்ட பக்தரை இத்தனை நாள் அலைய வைத்தோமே என்று வருந்தினார். தாமதமின்றிச் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தார்.

பிள்ளையவர்களின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இளம் வயதில் தெருவில் போன பரதேசியிடம் கற்கத் தெரிந்தவருக்கு, பட்டமும் பல்லக்கும் வந்த பிறகு, வாசலில் காத்திருந்த பாரதியாரிடம் கற்பதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. படிப்பே சில சமயம் கதவைச் சாத்திவிடுகிறது போலும்! ஆனாலும், பாட்டு காதில் விழுந்த மாத்திரத்தில் திறந்துகொண்டாரே, அதைச் சொல்ல வேண்டும்.

முழுவதும் மாறிவிட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. தம் மாணவர் சாமிநாதையர் இதே பாரதியாரிடம் சங்கீதம் கற்கத் தொடங்கியபோது, அது தமிழ்ப் படிப்பைக் கெடுத்துவிடும் என்றே பிள்ளை நினைத்தார். குருவின் மனமறிந்து மாணவரும் சங்கீதத்தை விட்டுவிட்டார். பெரியவர்களிடமும் இப்படிச் சில பிடிவாதங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

தளிர் தேடிய பையன்

அந்தச் சாமிநாதையர் மாயூரம் வந்து சேர்ந்த கதை 1871-ம் ஆண்டு நடந்தது. உத்தமதானபுரத்துப் பையன், வயது 16. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். பிள்ளைக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்திருக்கிறதே என்று ஊர் ஊராக ஆசிரியர் தேடி அழைத்துப் போய், கடைசியில் மகாவித்துவானிடம் கொண்டுவந்து நிறுத்தினார். பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்ற பெயரும் இருக்கிறது என்று தெரிந்ததும் பிள்ளை அந்தப் பெயராலேயே அழைக்க ஆரம்பித்தார். உலகத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

சேர்த்துக்கொண்டாரே தவிர, பிள்ளைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இப்படி வருகிறவர்கள் பலர் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பாதியில் போய்விடுகிறார்கள். இந்தப் பையன் நிலைப்பானா? முதலில் தம் மூத்த மாணவர் சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கச் சொன்னார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். குருவின் வீட்டிலேயே ஒரு பிள்ளை போல இருந்தவர். பையன் கேட்டான், படித்தான். ஆனால், மனத்துக்குள் ஏக்கம். கடல் பக்கத்தில் இருக்கிறது, குளிப்பதோ கிணற்றில்! குருவின் வாயால் பாடம் கேட்க வேண்டுமே, என்ன செய்வது?

கவனித்துப் பார்த்தான். பிள்ளைக்குத் தோட்டம் என்றால் உயிர். வீட்டின் பின்புறம் மரம் செடிகள் வைத்திருந்தார். வளர்ந்த மரங்களையே வேரோடு கொண்டுவந்து நடச் செய்திருந்தார். தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய், எந்தச் செடி துளிர்த்திருக்கிறது, எந்த மரம் பிழைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு புதுத் தளிரைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும்.

அவ்வளவுதான். மறுநாள் முதல் பையன் அவருக்கு முன்னாலேயே எழுந்து தோட்டத்துக்குப் போனான். ஒரு கிளை விடாமல் தேடினான். குரு வந்ததும், இதோ இங்கே ஒரு தளிர், அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளாக ஆக, காலையில் தோட்டத்துக்கு வந்ததும் இன்று எங்கெங்கே துளிர்த்திருக்கிறது என்று அவரே பையனைக் கேட்கும்படி ஆயிற்று. அந்த நெருக்கம் தந்த தைரியத்தில், தாங்களே எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று பையன் வாய் திறந்து கேட்டான்.

அன்றைக்குத் திறந்த மடை பிறகு அடைபடவே இல்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று ஓடிக்கொண்டே இருந்தது பாடம்.

இது தந்திரமில்லையா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரதேசிக்குப் பிடித்ததைத் தெரிந்துகொண்டு அவர் பின்னால் நடந்தவரின் மாணவன் அல்லவா! குருவுக்கு எது பிரியமோ அதைத் தானும் நேசிக்கத் தெரிந்த பையனிடம், அவர் மனம் தானாகத் திரும்பிற்று.

எண்ணெய் இல்லாத வீடு

பிள்ளை பாடம் சொன்னதற்குச் சம்பளம் வாங்கியதில்லை. சாப்பாடு இல்லாத மாணவர்களுக்குத் தம் வீட்டிலேயே சோறு போட்டார். அந்த அடுப்படிப் பாரம் யார் தலையில் விழுந்திருக்கும் என்று நம் வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாளின் பெயர் காவேரியாச்சி.

என்ன சாதி, என்ன மதம் என்று மாணவர்களிடம் பார்க்கவில்லை. சவேரிநாத பிள்ளையைச் சொன்னேன். நாகூர் குலாம் காதிறு நாவலர் இஸ்லாமியர். அவரும் இவர் மாணவரே. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொன்ன தியாகராச செட்டியார் இவரிடம் படித்தவர். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பர். திருநீறு தரித்து, சிவபூஜையில் தவறாத ஒரு சைவர், 150 வருடங்களுக்கு முன்பு இப்படி வாழ்ந்திருக்கிறார்.

எழுதியதைக்கூடத் தம்முடையது என்று பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. கண்ணனுக்கு அவல் கொண்டுபோன குசேலரின் கதையைப் பாடும் குசேலோபாக்கியானம், பெங்களூர் தேவராச பிள்ளை என்ற மாணவரின் பெயரில் வெளிவந்தது. அதைப் பாடிக் கொடுத்தவர் தம் ஆசிரியரே என்பது உ.வே.சா.வின் முடிவு. நாம் தினமும் சொல்கிற கந்தர் சஷ்டி கவசத்தை அருளிய தேவராய சுவாமிகளும் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்தான் என்றொரு வழக்கும் இருக்கிறது.

புராணம் அரங்கேறும் ஊர்களில் பொன்னும் பட்டும் வரும். வந்த வேகத்தில் செலவாகிவிடும். கையில் பணம் தங்கியதே இல்லை. ஒரு நாள் காலையில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகப் பலகையில் வந்து உட்கார்ந்தார் பிள்ளை. எண்ணெய் தேய்க்கிற ஆளும் வந்து நின்றான். எண்ணெய் மட்டும் உள்ளேயிருந்து வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. வீட்டில் எண்ணெய் இல்லை என்பது சாமிநாதையருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் கடைக்கு ஓடி, தம்மிடமிருந்த காசைக் கொடுத்து எண்ணெய் வாங்கி வந்து உள்ளே சேர்த்தார்.

20-க்கும் மேற்பட்ட தலங்களின் பெருமையைப் பாடிய நாவுக்குச் சொந்தக்காரர், ஓர் ஆழாக்கு எண்ணெய்க்காகப் பலகையில் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. வறுமையைப் பெருமையாகப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. படித்தவரை இப்படி விட்டுவைத்தது அந்தக் காலத்துச் சீமான்களின் குறை. மடம் ஆதரித்தது உண்மை. அதையும் மீறிக் கடன் இருந்ததும் உண்மை. கடைசி வரையில் அந்தக் கடன் கவலை அவரை விடவில்லை.

அடைக்கலப் பத்து

1875-ம் ஆண்டின் பிற்பகுதியில் உடல்நிலை சீர்கெட்டது. கால்கள் வீங்கின. நடை தளர்ந்தது. சுப்பிரமணிய தேசிகரின் பரிவும் வைத்தியமும் இருந்தும் தேறவில்லை. திருவாவடுதுறையில் படுத்த படுக்கையானார். சாமிநாதையரும் சவேரிநாத பிள்ளையும் இரவு பகல் பாராமல் கூடவே இருந்தார்கள்.

1876-ம் ஆண்டு பிப்ரவரி 1. முடிவு நெருங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளை திருவாசகத்தைப் படிக்கும்படி கேட்டார். சாமிநாதையர் ஏட்டைப் பிரித்து அடைக்கலப் பத்தைப் படிக்கத் தொடங்கினார். குரல் நடுங்கியது. கண்ணீர் எழுத்தை மறைத்தது. இருந்தும் நிறுத்தாமல் படித்தார். சவேரிநாத பிள்ளை குருவைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தார். மாணிக்கவாசகர் இறைவனிடம் தம்மை ஒப்படைக்கிற அந்தப் பதிகத்தைக் கேட்டபடியே, ஒரு கிறிஸ்தவ மாணவரின் மடியில், சைவத் தமிழ்ப் பெரும்புலவரின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 61-கூட நிறையவில்லை.

ஊருக்கு ஊர் போய், ஏடு ஏடாகத் தேடி, ஏட்டில் அடங்காததை மனத்தில் வைத்திருந்த ஒரு பெரிய நூலகமே அன்றைக்குப் போயிற்று. எத்தனை பாடபேதங்கள், எத்தனை பழைய உரைகள்! அவர் வாய் வழியாக மாணவர்கள் காதில் விழுந்தவை மட்டுமே மிஞ்சின.

சாமிநாதையர் பிற்காலத்தில் சீவகசிந்தாமணியையும், பத்துப்பாட்டையும், புறநானூற்றையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். தமக்கு 78 வயதானபோது, 1933-ல், ஆசிரியரின் சரித்திரத்தை எழுதி முதல் பாகத்தை வெளியிட்டார். பரதேசியின் கதையெல்லாம் நமக்குத் தெரிவது அந்தப் புத்தகத்தால்தான்.

ஆனால், குரு மறைந்த சமயத்தில் அவர் 20 வயது இளைஞர். இனி எங்கே போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கலங்கிப்போய் நின்றார். சுப்பிரமணிய தேசிகர் அவரை விடவில்லை. மடத்திலேயே இருக்கச் சொன்னார். மீதிப் பாடங்களைத் தாமே சொல்லிக் கொடுத்தார். கூடவே ஒரு பொறுப்பையும் தந்தார். அதன்படி, இத்தனை காலம் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த சாமிநாதையர், மடத்தில் புதிதாகப் படிக்க வந்த இளம் தம்பிரான்களின் எதிரே வந்து உட்கார்ந்து, அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.